அம்மாவின் நிறம்

கிருசிகா சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் புகைப்படக்கலை படிக்கிறாள். வார இறுதிகளில் தமிழர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்குப் படம் எடுப்பாள். பழைய கலர் ஃபிலிமை வெள்ளைத் தோலுக்குத் தோதாகத்தான் செய்தார்கள் என்று வகுப்பில் கேட்ட நாளில் மூண்ட கோபம் அவளுக்கு இன்னும் தணியவில்லை.

ரிஷானி என்ற சிறுமி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில் கிருசிகா எடுத்த படங்களைக் கணினியில் பார்த்த சிறுமியின் தாய் முகம் சுளித்தாள்.

"தங்கச்சி, மகளைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்."

"நான் செய்யமாட்டன் அன்ரி. ரிஷானியின்ரை நிறத்துக்குப் பார்த்துத்தான் லைற்றே வைச்சனான்."

"அப்ப வேறை ஆளிட்டைக் குடுத்துச் செய்விக்கிறன்."

"செய்வியுங்கோ. ஆனால் பட அல்பத்திலை என்ரை பேர் இருக்கக்கூடாது."

தாயின் பக்கத்தில் இருந்த ரிஷானி, படத்தை விட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் உங்கடை நிறந்தானே அம்மா. அதிலை என்ன பிழை?"