சரிவில் நிறுத்திய கார்

எங்கள் பக்கம் மேடு என்று ஒன்று வேண்டுமானால் ஆற்றங்கரைக்குத்தான் போக வேண்டும். திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி மற்றதெல்லாம் வயல், ஒரே தட்டை. அதனால் தினமும் சாயங்காலம் காரைக் கொண்டுபோய்க் காவிரிக்கரைப் பாதையில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு செங்கல் கொடுத்துவிட்டு வருவேன். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் செங்கல்லை உருவினால் போதும். வண்டி தானாக உருளும், கியரைப் போட்டு கிளட்சை விட்டால் இருமிக்கொண்டாவது உயிர் வந்துவிடும். "அக்காவோட காரு ஆத்துக்குக் காத்து வாங்க வந்துடுச்சு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். அவர்கள் யாரும் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்காகத் தஞ்சாவூர் போக வேண்டியதில்லை. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒரு முறை தவறினால் கால் வீங்கும், அடுத்த முறையும் தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் என்ன என்று டாக்டர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கார் என் மாமனார் வாங்கியது. நான் கல்யாணமாகி வந்தபோதே அது பழசுதான். உருண்டை பானெட், வெள்ளி போல மின்னும் பம்பர், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர். கல்யாண வீட்டுக்காரர்கள் மாலை போட்டு போட்டோ எடுக்க இரவல் கேட்பார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய நாகூர்க்காரர் ஒருவர் பல முறை வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போக ஆசையாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவதற்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது, நானே சொல்வேன். எனக்கு அது செவ்வாய், வியாழன், சனியெல்லாம் ஓட வேண்டியிருந்தது. வம்பே அங்கேதான்.

விற்றுத் தொலைத்துவிட்டு வாடகைக் காரில் போகலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், உட்கார முடியாது. பின்சீட்டில் மடக்கிப் படுக்க வைத்துவிட்டு நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அவர் மயங்கிக் கிடந்தது வீடு வந்து கதவைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பழைய காரில் முன்சீட்டு ஒரே நீளப் பெஞ்சு, நடுவில் கியர் தடி கிடையாது. அவர் என் பக்கம் தலை வைத்துப் படுத்துக்கொள்வார், தலை என் தொடையில் இடிக்கும். ஓட்டிக்கொண்டே அவர் மூச்சு விடுவது எனக்குத் தெரியும். இந்த வசதி உள்ள புது வண்டி எதையும் நான் பார்க்கவில்லை. ஆக, எப்போது நிற்குமோ என்று பயப்படுகிற வண்டிதான் எங்களுக்கு வாய்த்தது.

அந்தப் பயம் லேசுப்பட்டது இல்லை. பெட்ரோல் வாசனை வந்தால் ஒழுகுகிறதோ என்று பயம், வராவிட்டால் தீர்ந்துவிட்டதோ என்று பயம். ரயில்வே கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணைக்க மாட்டேன், அணைத்தால் மறுபடி கிளம்ப அங்கே சரிவுக்கு எங்கே போவது? வெயில் நாளில் பாதி வழியில் ஓரங்கட்டி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கேனிலிருந்து கொட்டக் கொட்ட அது குடித்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் போனதால் நாளெல்லாம் சேர்த்து இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து குடிக்க வேண்டிய மனுஷர் உள்ளே உட்கார்ந்து அதைப் பார்ப்பார். "கொடுத்து வச்ச வண்டி" என்பார். எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும்.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆற்றில் தண்ணீர் நின்று மணலாகக் கிடந்தது. சம்பா அறுத்த வயலில் தெளித்திருந்த உளுந்தைப் பறிக்கிற சமயம். பறித்த செடியைக் களத்தில் போட இப்போது யாருக்கும் பொறுமை கிடையாது, தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்து நெற்று உடையும். பிறகு கூட்டித் தூற்றிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் இது தப்பில்லை. ஓரமாக ஒதுங்கிப் போகிறவர்தான் பெரிய மனுஷத்தனம் காட்டுகிறார் என்று பேர் வாங்குவார்.

ஊரைத் தாண்டியதும் எங்கள் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் புருஷனும் பெண்சாதியும் சாலையை அடைத்துச் செடியைப் போட்டிருந்தார்கள். நல்ல கனமான பரப்பு. இந்தக் காருக்கு வயிறு தாழ்வு, எனக்கு மனமில்லை. பிரேக்கில் கால் வைத்தேன்.

"ஏத்தி ஓட்டு," என்றார் இவர். "மேகம் போட்டிருக்கு பாரு. இன்னைக்கு மிதிபட்டாத்தான் உண்டு, நனைஞ்சா போச்சு." வயலுக்கே போக முடியாமல் உட்கார்ந்தும் அவருக்குக் கவலை முழுக்க அடுத்தவன் உளுந்து மேல்தான். ஏற்றினேன். தாண்டியதும் அந்தப் பெண் ஜன்னலோரம் ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை பின்னாடி வந்துட்டுப் போங்கக்கா. உங்க வண்டி கனத்துக்கு டிராக்டர் ஓட்டின மாதிரி ஆவும்."

ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் தலையை ஆட்டிவிட்டார், எனக்கும் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வரவில்லை. ரிவர்ஸ் எடுத்தேன், மறுபடி முன்னால் வந்தேன். அவள் கும்பிட்டாள். எனக்குக் கூடக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சிறிது தூரம் போனதும் யாரோ உளுந்து வறுக்கிற வாசனை. பக்கத்தில் வீடு எதுவும் இல்லையே என்று நினைக்கும்போதே இவர், "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். சீட்டுக்கு அடியிலிருந்து புகை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். முன்னும் பின்னும் ஓட்டியதில் செடியெல்லாம் அடியில் சுழலும் கம்பியில் கயிறாகச் சுற்றிக்கொண்டு, சைலன்சர் குழாயின் சூட்டில் பற்றி எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் டேங்க் பின்னால் இருந்தது.

அவர் பக்கத்துக் கதவை உள்ளே இருந்து திறக்க முடியாது. வெளியே கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து இழுக்க வேண்டும், தினமும் நான் செய்வதுதான். அன்றைக்கு விரல் வழுக்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். சாமி பேர் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. திறந்ததும் அவரை அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டுபோய் மதகுக் கட்டையில் உட்கார வைத்தேன்.

புகையைப் பார்த்து அவர்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அவன் சாலையோர மண்ணை அள்ளி அள்ளி அடியில் வீசினான். அவள் தங்கள் குடத்துத் தண்ணீரைக் கொட்டினாள், நான் கேனைக் கவிழ்த்தேன். தீ அணைந்தது. கருகின செடியை அவன் அரிவாளால் அறுத்து இழுத்துப் போட்டான்.

"என்னாலதாங்க்கா..." என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"ஆமா, உன்னாலதான்!" என்றேன். நன்றாகவே கத்தினேன். "உன் உளுந்துக்கு என் புருஷன்தான் கெடைச்சாரா?"

"ஏத்தச் சொன்னது நானு," என்றார் மதகில் இருந்தவர். அதைச் சொல்வதற்கே மூச்சு வாங்கியது. "அவளை ஏன் திட்டுறே?" அந்த மூச்சைக் கேட்டதும் என் கோபமெல்லாம் வடிந்து பயம் மட்டும் மிச்சம் இருந்தது. மெஷினில் எங்கள் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

அவன் நடுச்சாலையில் இரண்டு கையையும் விரித்து நின்று ஒரு பஸ்ஸை மறித்தான். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. யாரோ எழுந்து இவருக்கு சீட் கொடுத்தார்கள். நான் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் அத்தனை பேர், அவர் முகம் தெரியவில்லை. "அவருக்கு மூச்சு வருதா பாருங்க, பாருங்க" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். "தூங்கறாருங்க" என்று ஒருவர் சொன்னார். தூக்கம் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் எங்கள் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மத்தியானம் வரை வராந்தாவில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவழியாகப் படுக்க வைத்தார்கள். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கி, அவர் மூச்சு நிதானமானதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தக் காரை நாகூர்க்காரர் தலையில் கட்டிவிட்டுத்தான் மறு வேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்போது மெக்கானிக் பாய் போன் செய்தார். குத்தகைக்காரன் டிராக்டர் கட்டிக் காரை அவர் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தான்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு மூணு ஒயர் கருகியிருக்கு, ஒரு ரப்பர் குழா போயிடுச்சு. வந்தது வந்துடுச்சு, ஒரு வாரம் இங்கயே கெடந்தா எல்லாத்தையும் பிரிச்சு நல்லா பண்ணிக் கொடுத்துடுவேன். வண்டி உடனே வேணுமா? அவசரம் ஒண்ணும் இல்லல்ல?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது, இல்லை, நிதானமாகப் பாருங்கள் என்று. இந்தக் கார் எனக்கு வேண்டியிராத ஒரு வாரம் எப்படிப்பட்ட வாரமாக இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வாரத்தில் நான் எங்கேயும் போக வேண்டியிருக்காது. கரைக்குப் போய்ச் செங்கல்லை உருவ வேண்டியிருக்காது. யார் மூச்சையும் கேட்க வேண்டியிருக்காது.

"அவசரந்தான் பாய்," என்றேன். சத்தத்தில் நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "வியாழக்கிழமை காலையில வேணும். சனிக்கிழமை வேணும். அடுத்த செவ்வாய்க்கிழமை வேணும். அதுக்கடுத்த வியாழக்கிழமையும் வேணும்."

"சரிம்மா, சரிம்மா" என்றார் அவர். நான் கிழமைகளைச் சொல்லிக்கொண்டே போனேன். எந்தக் கிழமையோடு நிறுத்துவது என்று பயமாக இருந்தது.