அசையாமல் எடுத்த அளவு

அப்பா தையல்காரர். நாற்பது வருடம் சட்டை தைத்தார். அளவெடுக்கும்போது யாரையும் விறைப்பாக நிற்க விடமாட்டார். "கையைத் தூக்குங்க. குனிங்க. ஒரு கொட்டாவி விடுங்க" என்பார். "சும்மா நின்னா எல்லாச் சட்டையும் சேரும். அசைஞ்சாத்தான் தைச்சவன் வண்டவாளம் தெரியும்."

நான் பல் மருத்துவர். எழுபத்திரண்டு வயதில் அவருக்குக் கடைசிப் பல்லும் போனது. பல்செட்டு என் பிள்ளை கையால்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

கீழ்த்தாடைக்கு அளவெடுப்பது லேசு இல்லை. தாடையில் வைக்கும் ட்ரேயின் விளிம்பில் கம்பவுண்டு என்னும் மெழுகை இளக்கி ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாக்கை நீட்டச் சொல்லி, உதட்டைக் குவிக்கச் சொல்லி, எச்சில் விழுங்கச் சொல்ல வேண்டும். விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்பதை அந்த அசைவுகள்தான் காட்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

அன்று வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். விளிம்பு வேலையை விட்டுவிட்டேன். அச்சு எடுக்கும் பசையை நிரப்பி ஒரே அழுத்தாக ட்ரேயை வைத்தேன். அப்பா தானாகவே நாக்கைத் தூக்கினார்.

"அசையாம இருங்கப்பா."

ட்ரேயை எடுத்ததும் கேட்டார். "வாயை அசைச்சுப் பாக்க வேணாமா, டாக்டரே?"

"இது சட்டை இல்லப்பா."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

செட்டை மாட்டியதும் "கச்சிதம்" என்றார். நான்கு வருடம், நான் போனபோதெல்லாம் பல்லோடுதான் கதவைத் திறந்தார். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. வயது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவர் இறந்த காலையில், அம்மா ஒரு கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். உள்ளே பல்செட்டு, புதிதுபோல.

"உன் வண்டிச் சத்தம் கேட்டாத்தான் மாட்டுவாரு. பேசினா கீழ்ப்பல்லு துள்ளுதும்பாரு. சாப்பாடெல்லாம் மசிச்சுத்தான் குடுத்தேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொல்றேன்னுதான் கிளம்பினேன். 'பதினோரு பேரு காத்துக்கிட்டிருந்தாங்க, பிள்ளை என்ன பண்ணும்'னு என் வாயை அடைச்சுட்டாரு."

காத்திருந்தவர்களை அவர் எண்ணியிருக்கிறார்.

பல்லை அவர் வாயில் நானே வைத்தேன். கீழ்ச்செட்டு இம்மியும் ஆடாமல் உட்கார்ந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இப்ப நல்லாத்தானே சேருது?"

அசையாத வாய்க்குத்தான் நான் அளவெடுத்திருந்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.