கிடாய்களும் கந்தசஷ்டியும்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. ஜேர்மனியில் ஹம் நகருக்கு வெளியே பஸ் திரும்பும் இடத்தில் ஒரு 'ஹைட' இருக்கிறது. மணல் தரை, முழங்கால் உயரப் புதர், ஓகஸ்டில் வெளி முழுக்க ஊதாப் பூ. சும்மா விட்டால் பேர்ச் மரங்கள் முளைத்து அதை மூடிவிடும். அதனால் ஊர்க்காரர் குழுவாகச் சேர்ந்து சனிக்கிழமைகளில் கன்று பிடுங்குகிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருத்தி கூப்பிட்டாள், போனேன். மரத்தைப் பிடுங்குவதா இயற்கையைக் காப்பது என்று முதல் நாள் முழுக்க முணுமுணுத்தேன். பிறகு என் வேகத்துக்கு அங்கே ஆளில்லை.

ஆனால் உண்மையான வேலைக்காரர் ஆடுகள்தான். நாங்கள் ஒரு நாள் பிடுங்குவதை அவை ஒரு காலையில் தின்றுவிடும். ஆடுகளின் சொந்தக்காரி ஒரு ஜேர்மன்காரி, என் வயதுதான். இலையுதிர் காலக் கூட்டத்தில் அவள் குரல் உடைந்து பேசினாள். கிடாய்களை வாங்க ஆளில்லையாம், இங்கே யாரும் ஆட்டிறைச்சி தின்பதில்லையாம். பனிக்காலத்துக்கு அவற்றுக்கும் தீனி போட முடியாது, இந்த முறையும் விற்காவிட்டால் மந்தையையே கொடுத்துவிடுவேன் என்றாள். எங்கள் ஈழத்துச் சனமோ நல்ல ஆட்டிறைச்சிக்கு ஊரூராக அலைகிறது! எல்லாவற்றையும் நாங்கள் எடுக்கிறோம் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவள் மறுநாளே கிடாய்களை வெட்ட இறைச்சிக்காரரிடம் டெர்மின் எடுத்து, நாள் குறித்துவிட்டாள்.

வீட்டில் நாட்காட்டியைப் பார்த்தால், அந்த நாள் கந்தசஷ்டிக்கு நடுவில்.

இறைச்சிக்காரர் நாளை மாற்ற மறுத்துவிட்டார். சஷ்டி தொடங்கியதும் வீடு வீடாகப் போன் எடுத்தேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "ஓம் அக்கா, கட்டாயம் வேணும். ஆனா சஷ்டி முடியட்டும். விரத வீட்டுக்குள்ள இறைச்சி எடுக்க ஏலாது." நானும் விரதம். வெறும் வயிற்றோடு குசினிக்கும் வாசலுக்கும் நடந்தேன். படுத்தால் நித்திரை இல்லை. ஒருத்தியை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டேன் என்று என்மேலேயே எரிச்சல்.

வேலையிடத்தில் மன்னார்க்காரி ஒருத்தி, கத்தோலிக்கப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனக்கா இப்பிடி அந்தரப்படுறீங்கள்?"

சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"விரதம் உங்களுக்குத்தானே? எங்கட பிரீசருக்குமோ? கொண்டாங்கோ!"

பூசைக்கு ஒன்றாகப் போகும் அவளுடைய ஆட்கள் எல்லாரும் நிலவறைப் பிரீசர்களை ஒதுக்கித் தந்தார்கள். சைவ வீடுகளின் இறைச்சி, சஷ்டி முடியும்வரை வேதக்கார வீடுகளில் உறைந்து கிடந்தது. பாரணை முடிந்த மறுநாள் அந்த வாசல்களில் எங்கள் கார்கள் நெருக்கியடித்தன. ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஆட்டுக்காரிக்குச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த நாட்டு மண்ணுக்கு எங்கள் அடுப்பும் உதவும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

மந்தை தப்பியது. அடுத்த ஓகஸ்டில் ஊதாப் பூவுக்கு நடுவே ஆடுகள் பேர்ச் துளிரைக் கடித்துக்கொண்டிருந்தன. இந்த முறையும் எடுப்பீர்களா என்று ஆட்டுக்காரி கேட்டாள். பதில் வாய்வரை வந்துவிட்டது. கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, மன்னார்க்காரிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, உங்கட பிரீசரில இடமிருக்கோ?"