அண்டாவைச் சுற்றி ஒரு சுவர்

மகன் புதுக் குளியலறைக்குத் தானே சுவர் கட்டுகிறான். ஈரச் சிமெண்ட் வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுபதுகளில், நல்லேப்பிள்ளியில், எங்கள் அப்பாவும் இப்படித்தான். வெந்நீர் அண்டாவை வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, குறுகலாக ஒரு கதவும் போட்டார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அண்டாவைக் கேட்டு வந்தபோது, அது கதவைத் தாண்டவில்லை.

"ஏனுங்க, இப்பவாச்சும் கொத்தனாரக் கூப்புடுங்க," என்றாள் அம்மா.

"ஒடைக்கறதுக்குக் கொத்தனாரு எதுக்கு?" அப்பாவே சுவரை இடித்து அண்டாவைக் கொடுத்தனுப்பினார்.

அம்மா கல்யாணத்திலிருந்து திரும்பும்போது சுவர் முன்னைவிட அழகாக நின்றது.

"எப்படிக் கட்டியிருக்கறேன், பாத்தயா?"

"நல்லாத்தானுங்க இருக்குது. நாளைக்கு அண்டா வந்தா எப்படிங்க உள்ள போகும்?"

மகனின் வாஷிங் மெஷின் இன்னும் கூடத்தில்தான் நிற்கிறது. நான் அளவு டேப்பைத் தேடி எழுந்தேன்.