கருப்பட்டிக் காப்பியும் அலமாரிச் சாவியும்

மக்களே, கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து சுடும்போதெல்லாம், "அம்மா களவெடுத்துத் திம்பா, டப்பாவ எண்ணி வையுங்க" என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தக் கதையைக் கிளப்பிவிட்டது உங்கள் அப்பா நான்தான். அது பொய்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதத்தில், அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்று நெய்யாற்றின்கரை டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றால் அம்மாவுக்கு நடுக்கம். அந்த வாரம் பார்த்து அவள் வீட்டிலிருந்து ஏழாம் மாதப் பலகாரம் வந்தது. முந்திரிக்கொத்து மட்டும் ஒரு பெரிய டப்பா. எல்லாவற்றையும் அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கல்யாண வீடு வேண்டாம், ஆலயத்தில் பெண்கள் கூட்டத்துக்குப் போனால் கேக் தருவார்கள், அதுவும் வேண்டாம் என்றேன்.

"என்னைய ஜெயில்லயா போட்டிருக்கிய?" என்றாள்.

"பிள்ளைக்கு வேண்டியாக்கும்."

தினமும் நாலு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிற்று. காலையில் வெறும் வயிற்றில் சரியாக இருக்கும். சாப்பிட்ட பிறகு பார்த்தால் ஏறிக் கிடக்கும். பயந்துபோய் இரண்டு இட்லியை ஒன்றாக்கினாள். அப்போதும் ஏறியது.

"நீ எனக்குத் தெரியாம என்னமோ திங்கிய."

"சாவி உங்களுக்க பையில. நான் எங்க இருந்து திங்க?"

"முந்திரிக்கொத்து ரெண்டு குறையுது."

மக்களே, நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. சும்மா சொன்னேன். அவள் மிச்சம் இருந்த அரை இட்லியையும் தள்ளி வைத்தாள். நான் போட்டுக் கொடுத்த காப்பியை மட்டும் குடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் சாப்பாட்டையெல்லாம் விசாரித்துவிட்டு, காப்பியில் என்ன போடுகிறோம் என்று மலையாளத்தில் கேட்டார். "காப்பியில எந்தா இடுந்நது?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "சீனி தொடுறதே இல்ல. கருப்பட்டி ஆக்கும். பனையில உள்ளது, மருந்தல்லவா!"

"அதும் மதுரம் தன்னெயல்லே, சேட்டா?" அதுவும் இனிப்புதானே என்று நர்ஸ் தலையில் கைவைத்தார். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும், இன்றோடு நிறுத்துங்கள், ஒரு வாரம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

வீடு திரும்பும் பாறசாலை பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். இறங்கப் போகும்போது கேட்டாள்: "முந்திரிக்கொத்தப் பூட்டி வச்சியளே, அதுல என்ன கிடக்கு? சீனியா?"

அதிலும் கருப்பட்டிதான்.

காப்பி நின்றதும் அளவு இறங்கியது. ஊசி வேண்டி வரவில்லை. சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நீங்களே வையுங்க. நீங்க கெட்டின ஜெயிலுதானே." பிரசவம் வரைக்கும் அது என் பையில்தான் கிடந்து கனத்தது.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் சர்க்கரை ஏன் கூடிற்று என்று கேட்டார்கள். சொல்ல வெட்கப்பட்டு, "இவ முந்திரிக்கொத்து களவெடுத்தா" என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். என்னைக் காட்டிக் கொடுக்காமல் அவளும் சிரித்தாள்.

இந்த வருசம் அந்தக் கேலி வேண்டாம், மக்களே. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், காப்பி போட்டவனைச் சொல்லுங்கள்.