சொல்லாமல் மாற்றிக் கொடுத்த பிறேக் பேட்

பிழையான பிறேக் பேட் என்று தெரிந்தும், அதை வாங்கிப்போனவர்களுக்கு நான் சொல்லவில்லை. அப்போது புளியந்தீவில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றுக்கு முகாமையாளராக இருந்தேன். அசல் அல்லாத, விலை குறைந்த பேட் அது. உராயும் பட்டை தகட்டைவிட்டுக் கழன்று வருகிறது என்று, அதை இறக்குமதி செய்த கம்பனியே தொலைபேசியில் அறிவித்தது. முறைப்பாட்டோடு வருபவருக்கு மட்டும் புதியதைக் கொடுங்கள், காரணம் கேட்டால் பேட்டைப் பூட்டிய மெக்கானிக்கின் பிழை என்று சொல்லுங்கள் என்றார்கள். அப்படியே செய்தேன். மறுபேச்சில்லாமல் மாற்றித் தரும் கடை என்று எங்களுக்கு நல்ல பெயர்கூட வந்தது.

காத்தான்குடி வேன் சாரதி ஒருவர் எங்களிடம் மட்டுமே வாங்குபவர். குருக்கள்மடத்தில் அவருடைய வேன் பிறேக் பிடிக்காமல் மதகில் மோதி, அருகில் இருந்த மனைவியின் கால் முறிந்தது. கழன்ற பேட்டோடு வந்தவரிடம், "பூட்டினதுதான் பிழை" என்றேன். அவர் நேரே ஆரையம்பதிக்குப் போய், அதைப் பூட்டிக் கொடுத்த தன் மெக்கானிக்கை ஆட்கள் பார்க்கக் கள்ளன் என்று ஏசினார். அதன்பின் வேன்காரர் எவரும் அந்தக் கராஜுக்குப் போகவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த மெக்கானிக்கிடம் போனேன். சைக்கிள் ரியூப்பொன்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எனக்கிட்ட என்னத்துக்குச் சொல்றீங்க, ஐயா? நான் ஒழுங்காத்தான் பூட்டினன் எண்டு எனக்குத் தெரியும். அங்க, வேன்காரரிட்ட போய்ச் சொல்லுங்க."

காத்தான்குடி வேன் தரிப்பிடத்தில், எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

"இனிப் பேட் வாங்கினா, கடைக்காரரையும் முன் சீட்டில ஏத்திக்கிட்டுத்தான் ஓடணும்!" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சாரதி சிரிக்கவில்லை.

"அண்டைக்கு என்ட கையப் பிடிச்சு, பொஞ்சாதிக்கு எப்படி எண்டு கேட்டீங்களே, சேர். அப்பவும் தெரியுமா?"

"ஓம்."

"நான் அவன்ட தாயையும் சேத்தெல்லோ ஏசினன்."

மறுநாள் அவர் வேனை ஆரையம்பதிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். அவர் மன்னிப்புக் கேட்டார். "சரி, விடுங்க நானா" என்று அண்ணன் முறை சொல்லி அழைத்த மெக்கானிக், நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்துப் பூட்டினார். வேலை முடிந்ததும் வேனின் திறப்பை நீட்டினார்.

"நீங்களே ஒருக்கா ஓடிப் பாத்துப்போட்டு வாங்க."

சாரதி திறப்பை உடனே வாங்கவில்லை.

"முந்தி எப்பவும் அவன்தான் ஓடிப் பாத்துத் தாறவன்" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு வாங்கிக்கொண்டு தனியே ஏறினார்.