டாங்கிப்படை முறையில் என் கலியாணம்

தொண்ணூறுகளில் நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வாடகை வீட்டுக்காரக் கிழவர், உலகப்போரில் பிரிட்டிஷ் டாங்கி ஓட்டியவர். என் கலியாணத்தன்று பனி கொட்டியது. பத்தரைக்குள் தாலி கட்ட வேண்டும். மண்டபத்துக்குப் புறப்பட்ட மூன்று கார்களையும் கிழவர் மறித்தார்.

“மூன்று டாங்கியும் ஒன்றாக நகராது. ஒன்று முன்னால் போகும், இரண்டு நின்று காவல் பார்க்கும். போனவன் பாதை சரி என்று சொன்னால்தான் மற்றவை நகரும்.”

நாங்களும் முட்டாள்கள்போலத் தலையாட்டினோம். மச்சான் முதல் காரில் போனான். அரை மணியாகியும் செய்தியில்லை.

“அவன் எப்படி எங்களுக்குச் சொல்லுவான்?” என்று கத்தினேன்.

“வயர்லெசில்தான். எங்கள் டாங்கி எல்லாவற்றிலும் இருந்தது.”

“உது கார், அங்கிள்!”

கிழவரையும் ஏற்றிக்கொண்டு பறந்தோம். மச்சான் மண்டபத்தில் ஆறுதலாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். முகூர்த்தம் முடிய இரண்டு நிமிடம் இருக்கத் தாலி கட்டினேன். முன்வரிசையில் இருந்த கிழவர், “ஒரு வண்டியையும் இழக்கவில்லை, பார்த்தாயா?” என்றார்.